அந்தரத்தில் ஒரு மூக்குத்தி

காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. இப்போதெல்லாம் ஃபிலிம் கழுவுவது கிடையாது. படம் நேராகக் கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிடும். வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் கூட்டிக் குறைத்து, மயிரிழை விரிசல்கூட டாக்டர் கண்ணுக்குத் தப்பாதபடி செய்து அனுப்ப வேண்டும். இருப்பதைக் காட்டத்தான் அந்த வசதி என்று வெள்ளந்தியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தபோது அந்த நம்பிக்கை போனது. நான் நல்ல கறுப்பு. ஒன்றிரண்டு இடம் போட்டோவோடு நின்றுபோனதும், சித்தி என் படத்தை ஸ்டுடியோவுக்குத் தூக்கிக்கொண்டு போனார். முகத்தை வெளுக்கிற வேகத்தில் அங்கே நிழலையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டார்கள். ஓரத்தில் நிழல் இல்லாவிட்டால் மூக்கு ஏது? என் மூக்குத்தி மட்டும் அந்தரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அரக்கு நிறப் பட்டுச்சேலை ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்திருந்தது.

"இது யாரு சித்தி?" என்றேன்.

"நீதான்டி. நல்லா லைட்டு போட்டு எடுத்தா இப்படித்தான் இருப்ப," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

ஆஸ்பத்திரியில் நான் இப்படி நிழலைத் துடைத்துப் படம் அனுப்பினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கல்யாணப் பேச்சில் அதற்குப் பெயர் டச்சப்.

படம் பிடித்துப்போய், சிங்கம்புணரியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பள்ளத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா செல்போனை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். அந்த அம்மாவும் கறுப்புதான். பக்கத்தில் இருந்த மகன் என்னைவிட ஒரு பிடி கூடுதல். எங்களுக்கு வந்த படத்தில் அவர் வெண்ணெயில் பிடித்து வைத்த மாதிரி இருந்தார். கன்னத்து மச்சம்கூடக் காணாமல் போயிருந்தது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆம்பளைக்கு நிறம் பார்க்கக் கூடாதாம்.

"போட்டோவுல நல்ல கலரா இருந்துச்சே," என்றார் அந்த அம்மா, கடையில் வேறு சரக்கைக் கட்டிக் கொடுத்துவிட்ட மாதிரி.

"வெயில்ல வேலைக்குப் போயிட்டு வருது, அதான்," என்றார் சித்தி. எக்ஸ்ரே அறையில் ஜன்னல்கூடக் கிடையாது.

உண்மையைச் சொன்னால், அந்த மச்சம் எனக்குப் பிடித்திருந்தது. அவர் நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கேசரியைச் சாப்பிட்டு முடித்தார்.

"ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்," என்று கிளம்பினார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கொஞ்ச நாள் எனக்குக் கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. அந்த வெட்கங்கெட்ட படம் மட்டும் சித்தி போனிலிருந்து அடுத்த வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சில மாதம் கழித்து அந்த அம்மா காரைக்குடிக்கு ஒரு விசேஷத்துக்கு வந்த இடத்தில் வழுக்கி விழுந்து, வீங்கிய மணிக்கட்டோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். நான் மாஸ்க் போட்டிருந்ததால் அடையாளம் தெரியவில்லை. கையைப் பலகையில் வைக்கச் சொல்லிப் படம் எடுத்தேன். திரையில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டியதும் விரிசல் பளிச்சென்று தெரிந்தது.

"படம் நல்லா விழுந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

மாஸ்க்கை இறக்கினேன். "நல்லா விழுந்திருக்கும்மா. இதுல நீங்க வெள்ளை வெளேர்னு இருக்கீக."

அவர் என் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.