ஒட்டினால் அரிக்கும், கேட்டால் ஒண்ணுமில்லீங்க

ட்ரிப்ஸ் ஊசி குத்துகிற நர்ஸை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஊசி நகராமல் மேலே பிளாஸ்திரி ஒட்டுகிற நர்ஸை, அதைப் பிய்க்கிற நாள் வரைக்கும் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. கைமுடியோடு பிளாஸ்திரி வந்தபோது பல்லைக் கடித்தவர்களே, ஒட்டிய இடம் சதுரமாகச் சிவந்து சொறிந்து தீர்த்தவர்களே, நீங்கள் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள். கோவையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வார்டில் எனக்கு இதுதான் பிழைப்பு. சிலர் தோலுக்குப் பசை ஆகாது. யாருக்கு ஆகாது என்பதை ஒட்டுவதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும்.

எந்த டேப்?

கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர் காய்ச்சலோடு வந்து படுத்தார். படித்த படிப்புக்கு மரியாதையாக, "உங்களுக்கு டேப் அலர்ஜி ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டேன். மனிதர் அந்தக் காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்து யோசித்தார். இப்படிப் பொறுப்பாகப் பதில் சொல்ல ஒருவர் கிடைத்தாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கடைசியில் வாயைத் திறந்தார்.

"அளக்கற டேப்புங்களா, இன்சுலேசன் டேப்புங்களா? ரெண்டும் தெனமும் கையிலதான் கெடக்குது, ஒண்ணும் பண்ணுனதில்லீங்க."

பொட்டு

அன்றோடு அந்தக் கேள்வியைத் தலைமுழுகினேன். ஆண்களிடம் இடுப்புவலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி அரித்ததா என்று கேட்பேன், பெண்களிடம் ஸ்டிக்கர் பொட்டைப் பற்றி. உண்மை தானாக வந்துவிடும்.

ஆனால் பொள்ளாச்சியிலிருந்து அமராவதி அம்மா வந்து சேர்ந்தபோது நான் லீவில் இருந்தேன். கொப்பரைக் களம் வைத்திருக்கும் குடும்பம். காலில் பட்ட காயம் சீழ் பிடித்து, மருந்தை நரம்பு வழியாக மட்டுமே ஏற்ற வேண்டிய நிலை. அலர்ஜி உண்டா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றிருக்கிறார். உள்ளே இருப்பது தெரிகிற மெல்லிய பிளாஸ்திரியை ஒட்டியிருக்கிறார்கள். நான் திரும்பி வந்து பார்த்தால், ஒரு கையில் ஆறிக்கொண்டிருக்கும் சதுரம், இன்னொரு கையில் கொப்புளத்தோடு புதுச் சதுரம். டாக்டர் இரண்டு கைகளையும் தடவிப் பார்த்தார். இடது முன்கையில் ஒரே ஒரு நரம்புதான் நம்பும்படி இருந்தது. அதுவும் போனால் கழுத்தில்தான் குழாய் போட வேண்டும் என்றார். அந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கழுத்துல மட்டும் வேண்டாங்க கண்ணு."

நெற்றியில் குங்குமம் இருந்தது. "ஸ்டிக்கர் பொட்டு வெக்க மாட்டீங்களாம்மா?" என்று கேட்டேன். "கண்ணாலம் காச்சிக்கு வெப்பனுங்க. அரிக்குமுங்க, ஊட்டுக்கு வந்ததும் எடுத்துப்போடுவனுங்க." போச்சு! "இங்க இத்தனை கொப்புளம் வந்துருக்குது, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" என்று எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"சொன்னா, ஒட்டுன புள்ளைய யாராச்சும் வைவாங்களேன்னுதானுங்க அம்மணி."

களத்து எண்ணெய்

அந்தக் கடைசி நரம்பில் ஊசி போட்டு, தோலைப் பிடித்து இழுக்காத சிலிகான் டேப்பை ஒட்டினேன். கொஞ்சம் விலைதான், ஆனால் தோலுக்குச் சாது. மறுநாள் ஒரு சிவப்புகூட இல்லை. நானே என் முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

மத்தியானம் போய்ப் பார்த்தால் டேப் வழுக்கிக்கொண்டு நிற்கிறது. ஊசி பாதி வெளியே! இரண்டு விரலால் அமுக்கிப் பிடித்தபடி பஞ்சு, பஞ்சு என்று கத்தினேன். அவருடைய வீட்டுக்காரர் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தார். அவர் கையெல்லாம் தேங்காயெண்ணெய். பழைய கொப்புளம் அரிக்கிறதே என்று பாசமாக முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தேய்த்துவிட்டிருக்கிறார். நல்லவேளை, ஊசி நரம்பை விட்டு வரவில்லை. இனி எந்த டேப்பும் அந்தக் கையில் நிற்காது. "எண்ணெய் தேய்க்கலாங்களான்னு கேட்டிருக்கலாமுங்களே ஐயா" என்றேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"பயப்படாதீங்க அம்மணி, கலப்படமே இல்லீங்க, நம்ம களத்துக் கொப்பரையில ஆட்டுனதுங்க."

ஒட்டாத கட்டு

பசையே வேண்டாம் என்று முடிவு செய்தோம். எண்ணெயைத் துடைத்து, மேலே சுத்தமான காஸ் துணி, அதற்கு மேல் சுருள்துணி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வலை உறை. தோலுக்குச் சொர்க்கம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒவ்வொரு முறை மருந்து ஏற்றும் முன்பும் பிரித்துப் பார்ப்போம். நடுவில் வீங்கினாலோ வலித்தாலோ அந்த அம்மாதான் சொல்ல வேண்டும். அவரோ எதற்கும் 'ஒண்ணுமில்லீங்க' என்கிற அம்மா! பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "இனி நீங்க ஒண்ணுமில்லீங்கன்னு சொன்னா, கழுத்துலதான் போடோணும். என்னைய வைவாங்கன்னு பாக்காதீங்க. வைதா வையட்டும்."

சாயங்காலம் காப்பி நேரத்தில் வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல். "ஏனுங்க அம்மணி! இது இறுக்குதுங்க, வெரலு மரத்துப்போச்சுங்க!" ஓடினேன். உறை முறுக்கிக்கொண்டு, கை கொஞ்சம் வீங்கியிருந்தது. அவிழ்த்துத் தளர்வாகக் கட்டியதும் வீக்கம் வடிந்தது. நரம்புக்கு ஒரு சேதமும் இல்லை. அந்தக் கத்தலைக் கேட்டு நான் பட்ட ஆனந்தத்தை என் வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள்.

மருந்து அந்த ஒரே நரம்பில் முழுசாக ஏறி முடிந்தது. கழுத்துக்குக் குழாய் போகவில்லை. ஆனால் திறந்த வாயை அந்த அம்மா மூடவில்லை. ஃபேன் கத்துகிறது, தலையணை கட்டிகட்டியாக இருக்கிறது, நான் ஓட்டமாக நடக்கிறேன் என்று ஒவ்வொரு குறையாக வந்தது. வீட்டுக்குக் கிளம்பும்போது என் கன்னத்தைத் தொட்டுக் கண்கலங்கினார்.

"தாயாட்டம் பாத்துட்டீங்க கண்ணு, ஆனா உங்க ஆஸ்பத்திரிக் காப்பிய மட்டும் வாயில வெக்க முடியலீங்க."

தோலுக்கு ஒத்துக்கொள்ளும் கட்டை எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம், எங்கள் ஊர்க்காரர் வாயிலிருந்து ஒரு குறையை வரவழைப்பதுதான் கஷ்டம், வந்துவிட்டால் அதை நிறுத்த இன்னும் ஒரு பிளாஸ்திரியும் வரவில்லை.