முப்பத்தாறு அங்குல விரதம்

லிங்கசாமி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதைவிடப் பெரிய பதவி ஒன்றும் அவருக்கு இருந்தது. அதற்குச் சம்பளம் கிடையாது. அவருடைய நெஞ்சளவு முப்பத்தாறு அங்குலம், நூல் பிசகாது. புதுத் துணி வந்தால் முதலில் ஒரு சாம்பிள் பனியன் தைத்து அவருக்குத்தான் மாட்டுவார்கள். கையைத் தூக்குவார், குனிவார், நிமிர்வார். "சேருதுங்க" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் மற்ற துணியில் கத்தரி விழும். ஐம்பத்திரண்டாம் வருஷத்திலிருந்து இதுதான் வழக்கம். மெட்ராஸில் எவனெவனோ போட்டுக்கொண்டு திரிகிற பனியனெல்லாம் தன் நெஞ்சில் பிறந்தது என்று மனிதருக்குக் கொஞ்சம் கர்வம். இருந்துவிட்டுப் போகட்டும், வேறென்ன சொத்து அவருக்கு!

அறுபத்து மூன்றில், நாற்பது வயதை நெருங்கியபோது, ஒரு சாம்பிள் வயிற்றுக்கு மேலேயே நின்றுகொண்டு கீழே இறங்க மாட்டேன் என்றது. பீஸ் மடிக்கிற பெண்கள் சிரித்தார்கள். முதலாளி கிட்டுசாமி சிரிக்கவில்லை. "துணி சுருங்கிருச்சாட்ட இருக்குதுங்க மாஸ்டர்" என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் லிங்கசாமியைச் சுட்டது.

வீட்டுக்குப் போனதும் மனைவி மருதம்மாளிடம், "அம்மிணி, முருகனுக்கு வேண்டியிருக்கறேன். இனிமே எனக்கு ராச்சோறு வேண்டாம்" என்றார். பனியனுக்காகப் பட்டினி கிடக்கிறேன் என்று எந்த ஆம்பிளை பெண்டாட்டியிடம் சொல்வான்? பரம்பரை நெசவுக்காரரான அவர் வீட்டில் முருகன் பேரைச் சொல்லிவிட்டால் மறுபேச்சு கிடையாது. என்ன வேண்டுதல் என்று கேட்டால் பலிக்காமல் போய்விடுமே என்று அவள் கேட்கவும் இல்லை. கம்பெனியிலும் அதே விரதக் கதைதான்.

முதல் மாதம் நெஞ்சளவு ஓரங்குலம் குறைந்தது. அதோடு நின்றுவிட்டது. காலைச் சோற்றையும் நிறுத்தி, ஒரு டம்ளர் கம்மங்கூழ் மட்டும் குடித்தார். அளவு நாடா முப்பத்தேழிலிருந்து அசையவில்லை. கூழிலும் பாதியைக் குறைத்தார். அதற்கும் அசையவில்லை. சித்திரை வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படியேறினால் மூச்சு வாங்கியது, மேசைமேல் கையை வைத்தபடியே கண் சொருகியது. பிடித்தால் பிடி உடும்புப் பிடி என்று ஒன்றரை வருஷம் இப்படியே ஓட்டினார். கடைசியில் ஒரு நாள் கத்தரி துணியை விட்டுவிட்டு இடது கட்டைவிரலில் இறங்கியது.

மருதம்மாள் அவரை எல்.எம்.பி. டாக்டர் ஒருவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் விரலுக்குத் தையல் போட்டுவிட்டு, தினமும் என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார். கேட்டு முடித்ததும், "உங்க கம்பெனியில கூலியைப் பாதியாக் கொறச்சா ஆளுக என்ன பண்ணுவாங்க?" என்றார்.

"வேலையை மெதுவாப் பண்ணுவாங்க."

"உங்க ஒடம்பும் அதைத்தான் பண்ணுது. நீங்க போடறதைக் கொறச்சீங்க, அது செலவைக் கொறச்சுக்கிச்சு. சூடும் இல்லை, தெம்பும் இல்லை. இனிமே கூட்டிச் சாப்பிடுங்க. ஒரேயடியா வேண்டாம், வாரத்துக்கு ஒரு இட்லி, ஒரு பிடி சோறுன்னு ஏத்துங்க. மொதல்ல கொஞ்சம் எடை கூடும், பயப்படாதீங்க."

எடை கூடும் என்பது மட்டும்தான் லிங்கசாமியின் காதில் விழுந்தது. தலையைத் தலையை ஆட்டினாரே தவிர, ஒரு பருக்கை கூட்டுகிற உத்தேசமும் அவருக்கு இல்லை.

மாத்திரைப் பொட்டலத்தை வாங்க மருதம்மாள் கையை நீட்டினாள். நகமெல்லாம் வெளுத்திருந்தது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, "நீ எத்தனை வேளைம்மா சாப்பிடறே?" என்று கேட்டார்.

"அவரு வெரதம் இருக்கறப்ப நான் எப்புடிங்க தின்னுபோட்டு உக்கார்றது? அவரு உடற வேளையை நானும் உட்டர்றனுங்க. ரெண்டு பேரா இருந்தா சீக்கிரம் பலிக்குமுங்க."

"என்ன வேண்டுதல்?"

"தெரியாதுங்க. அவரு வேண்டியிருந்தா நல்லதாத்தானுங்க இருக்கும்."

லிங்கசாமி அவளைத் திரும்பிப் பார்த்தார். பரிமாறிவிட்டுப் பிறகு தனியாகச் சாப்பிடுகிறவள் அவள். பதினெட்டு வருஷத்தில் அவள் தட்டை அவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. ஊரான் நெஞ்சுக்கெல்லாம் அளவு சொன்ன மனிதருக்குச் சொந்த வீட்டில் ஓர் உயிர் தேய்ந்தது தெரியவில்லை.

வழியில் உண்மையைச் சொன்னார். மருதம்மாள் நடுரோட்டில் நின்றுவிட்டாள். "ஒரு பனியனுக்காங்க?" என்றாள். வீடு வரைக்கும் வாய் ஓயாமல் திட்டினாள், வீட்டுக்கு வந்ததும் உலை வைத்தாள். லிங்கசாமி இரண்டு தட்டையும் தானே எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

டாக்டர் சொன்னபடி வாரத்துக்கு ஓர் இட்லி ஏறியது. நெஞ்சளவும் ஏறியது. மூன்றாம் மாதம் பயந்துபோய்த் தட்டைத் தள்ளினார். மருதம்மாள் தன் தட்டையும் தள்ளி வைத்தாள். அவர் தன் தட்டை மறுபடி இழுத்துக்கொண்டார். ஆடி மாதக் காற்றுக்குக்கூடத் துண்டு தேவைப்படவில்லை. கத்தரி பிடிக்கிற கை நின்று வேலை செய்தது. சாப்பாடு கூடிக்கொண்டே போனாலும் நெஞ்சளவு முப்பத்தெட்டோடு நின்றுவிட்டது.

ஐப்பசியில் புதுத் துணி வந்தது. முதலாளி பழைய மரியாதையோடு சாம்பிளை நீட்டினார். மடிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். லிங்கசாமி அதை வாங்கி, போட்டுப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார்.

"இது எனக்குச் சேராதுங்க. வேற ஆளைப் பாருங்க."

"ஏனுங்க மாஸ்டர், வெரதத்தை உட்டுட்டீங்களா?"

"ஆமாங்க" என்றார் லிங்கசாமி. "இப்ப ஊட்டுல ரெண்டு பேரும் சோறு திங்கறமுங்க."