கற்பூரச்சட்டிக்கு ஒரு காம்பிங்-கார்

என் மனைவிக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு அரை மணித்தியாலத்துக்கு மேல் கதிரையில் இருக்க ஏலாது. நிற்பாள், நடப்பாள், படுப்பாள். இருப்பதுதான் கரைச்சல். சத்திரசிகிச்சைக்குக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன நேரத்தில், ஜெர்மனியில் உள்ள அம்மன் கோயில் தேருக்குக் கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்த்தி வைத்துவிட்டாள். எனக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் சொன்னாள். நாங்கள் குடியிருக்கும் செவ்ரானில் எங்கள் வாசலில் இருந்து அந்தக் கோயில் வாசலுக்குக் காரில் ஆறு மணித்தியாலம்.

"இங்கை லா சப்பல் கோயில் தேருக்கு எடுத்தால் காணாதே?" என்று கேட்டேன்.

"ஒராளிட்டை வாங்கின கடனை இன்னொராளிட்டைக் குடுக்கிறதே?" என்றாள்.

நியாயமான கேள்வி. தேருக்கு மூன்று மாதம் இருந்தது.

காம்பிங்-கார் என்ற யோசனை மகளுடையது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கிற வண்டி. ஓடும்போது படுக்கக் கூடாது, பெல்ட் போட்டு இருக்கத்தான் வேண்டும், அது சட்டம். ஆனால் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிற்பாட்டி, அம்மாவைப் பின்னால் படுக்க விட்டுப் பிறகு வெளிக்கிடலாம் என்றாள். நான் வாடகைக்கு எடுப்போம் என்றேன். மனைவி சம்மதிக்கவில்லை.

"ஆர் என்னத்தைச் சமைச்ச அடுப்போ! நேர்த்திக்குப் போறம், மாட்டிறைச்சி வாட்டின அடுப்போடையே போறது?"

"பழசு வாங்கினாலும் அதிலையும் சமைச்சுத்தானே இருப்பினம்?"

"வாங்கினால் எங்கடை. மஞ்சள்தண்ணி தெளிச்சுக் கழுவலாம்."

பக்கத்து ஊரான லெ பிளாங்-மெனிலில் ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ஒரு வண்டி இருந்தது. மகளைவிட ஒரு வயது மூத்தது. விலை பதினாலாயிரம் யூரோ. எந்தக் கடற்கரைக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்டார். கோயிலுக்கு என்று மகள் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிள் கொழுவுகிற இடத்தைக் காட்டினார். ஐந்நூறு முற்பணம் கொடுத்தேன். மாத முடிவு வரை வைத்திருப்பதாகவும், அதற்கு மேல் வேறு ஆள் பார்ப்பதாகவும் சொன்னார்.

வங்கிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் பத்தொன்பது வருடமாக நிற்கிறவன். என் பிரெஞ்சு குசினி அளவுக்குத்தான் போகும். கடன் பிரிவில் இருந்த அம்மா சம்பளத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு கணக்கில் ஒவ்வொரு மாதமும் ஆயிரம் யூரோ காசாக எடுத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இது என்ன என்று கேட்டார்.

"சீட்டு," என்றேன். மகள் அதற்குப் பிரெஞ்சில் ஒரு சொல் சொன்னாள். அந்த அம்மாவுக்கு விளங்கியது.

"உங்கள் முறை எப்போது வரும்?"

"முறை எண்டு இல்லை. தேவையான ஆள் நட்டப்பட்டு எடுக்கிறது."

"ஒப்பந்தப் பத்திரம் இருக்கிறதா?"

"இல்லை."

"காசை வைத்திருப்பவர் ஓடிவிட்டால்?"

"அவருக்குக் கடை இருக்கு. ஓடமாட்டார்."

மகள் அதையும் மொழிபெயர்த்தாள். அந்த அம்மா நிறைய எழுதினார். கடைசியில் நாலு வருடக் கடனாக ஆறாயிரம் தரலாம் என்றார். மிச்சம் ஏழாயிரத்தைந்நூறு என் கணக்கில் கிடப்பதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

எங்கள் சீட்டில் பத்துப் பேர். மாதம் ஆளுக்கு ஆயிரம், ஆகப் பத்தாயிரம். பணம் தேவைப்பட்டவர்கள் கழிவு கேட்பார்கள். ஆகக் கூடிய கழிவு சொன்னவருக்குச் சீட்டு விழும். அவர் விட்டுக்கொடுத்த கழிவு மற்றவர்களுக்குப் பிரிந்து போகும். எனக்கு ஏழாயிரத்தைந்நூறு வேண்டும் என்றபடியால் இரண்டாயிரத்தைந்நூறு வரை கேட்கலாம். அதற்கு மேல் ஒரு யூரோவும் ஏலாது. சீட்டில் ஒரு விதி உண்டு. தேவை உள்ளவன் தேவை இல்லாதவன் மாதிரி முகத்தை வைத்திருக்க வேண்டும். மனைவியும் காலையும் மாலையும் சொன்னாள், "வாயைத் திறந்துபோடாதேங்கோ."

நான் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனை மட்டும் செய்தேன். சீட்டு விழவேண்டும், காம்பிங்-கார் வாங்கவேண்டும் என்று ஐயரின் காதுக்குள் சொன்னேன். ஐயர் நல்ல மனிதர். எதையும் அம்மனுக்குக் கேட்கும்படிதான் சொல்வார். சங்கற்பத்தில் என் பெயர், நட்சத்திரம், சீட்டு, காம்பிங்-கார் எல்லாவற்றையும் மணிச் சத்தத்துக்கு மேலால் சொன்னார். "தேருக்கு முதல் கிடைக்கவேணும், என்ன?" என்று திரும்பி என்னிடமும் கேட்டார். எனக்குப் பின்னால் தட்டோடு நின்றவர் எங்கள் சீட்டில் இருக்கிற போன்கடைத் தம்பி.

ஞாயிறு பின்னேரம் கடைக்கார அண்ணையின் பலசரக்குக் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூடினோம். சீட்டு நடத்துகிறவர் அவர்தான்.

"ஐந்நூறு," என்றேன்.

"ஆயிரம்," என்றார் போன்கடைத் தம்பி.

"ஆயிரத்தைந்நூறு."

"ரண்டாயிரம். என்ன அண்ணை, வண்டியிலை எத்தினை பேர் படுக்கலாம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் கடவுளை நினைத்துக்கொண்டு, "ரண்டாயிரத்தைந்நூறு," என்றேன்.

"மூவாயிரம். அம்மாளாச்சிக்கு எண்டால் காசைப் பாக்கக் கூடாது அண்ணை."

அந்தத் தம்பிக்குச் சீட்டுத் தேவை இல்லை. என்னை மூவாயிரத்தைந்நூறுக்கு ஏற்றிவிடுவதுதான் எண்ணம். நான் ஏறுவேன் என்றுதான் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி போய்விட்டது என்று மனைவிக்கு எப்படிச் சொல்வது என்ற யோசனையில் இருந்தேன்.

"சரி தம்பி, நீங்கள் எடுங்கோ. எனக்கு அதுக்கு மேலை ஏலாது," என்றேன்.

அதில் ஒரு தந்திரமும் இல்லை. உண்மையாகவே ஏலாது.

கடைக்கார அண்ணை கொப்பியைத் திறந்தார். "அப்ப தம்பிக்கு மூவாயிரம் கழிவிலை விழுந்திட்டுது."

"இல்லை அண்ணை, நான் சும்மா..."

"சும்மா கேக்கிறதுக்கு இதென்ன மீன் கடையே? விழுந்தது விழுந்ததுதான்."

மற்ற எட்டுப் பேரும் தங்களுக்கு வரப்போகிற கழிவைக் கணக்குப் பார்த்து மகிழ்ச்சியாக இருந்தார்கள். தேவையில்லாத சீட்டுக்கு மூவாயிரத்தை இழக்கப் போகிற தம்பி என் பின்னாலேயே றோட்டுக்கு வந்தார்.

"அண்ணை, நீங்களே எடுங்கோ. கையிலை வாற ஏழாயிரத்தோடை நான் ஐந்நூறு போடுறன்."

எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர், "ஆயிரம் போடச் சொல்லு, போடுவான்," என்று என்னிடம் சொன்னார். போட்டுத்தான் இருப்பார். எனக்கு வேண்டியது ஏழாயிரத்தைந்நூறு. அதை எடுத்தேன். கடைக்கார அண்ணை கொப்பியில் பெயரை வெட்டி மாற்றினார்.

வீட்டுக்கு வந்து, அம்மாளாச்சிதான் தந்தா என்று மனைவியிடம் சொன்னேன்.

"அம்மாளாச்சிக்கு உங்கடை சீட்டிலை என்ன வேலை? அந்தப் பெடியன் மொக்கு வேலை பார்த்திருக்கு," என்றாள். பிறகு சாமி அறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது என்று வங்கி அம்மா ஒரு கடிதம் கேட்டார். பத்துப் பேரும் கையெழுத்து வைத்தார்கள், மூன்று பேர் தமிழில். மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்க வண்டி கைக்கு வந்தது. மனைவி நின்றபடியே அதை மூன்று தரம் கழுவினாள்.

ஆறு மணித்தியால ஓட்டத்துக்கு ஒன்றரை நாள் எடுத்தது. வழியில் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்றோம். தேரன்று அவள் கற்பூரச்சட்டியை ஏந்திக்கொண்டு, வெறுங்காலோடு, நிமிர்ந்து, வீதி முழுக்க நடந்தாள். நான் கற்பூரம் போட்டுக்கொண்டு பக்கத்தில் போனேன். எனக்குத்தான் கண் நிறைந்து வழி தெரியவில்லை. முடிந்ததும் வண்டிக்குள் ஏறிப் படுத்தாள்.

"என்ன கும்பிட்டனீ?" என்று கேட்டேன்.

"வண்டிக் கடன் கரைச்சலில்லாமல் முடியவேணும் எண்டு. முடிஞ்சால் வந்து இன்னொரு சட்டி எடுக்கிறன் எண்டிருக்கிறன்."

வங்கிக் கடன் நாலு வருடம். வண்டியும் அதுவரை ஓடவேண்டும்.