அவர் அழித்த சிவப்புக் கோடுகள்

அந்த வரைபடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது.

கடலுக்கடியில் எண்ணெய் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கணிப்பது என் வேலை. ஒரு கப்பல் கடலுக்குள் ஒலியை அனுப்பி, அது பாறையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்யும். சில வருடம் கழித்து அதே தடத்தில் மறுபடி போய்ப் பதிவு செய்வார்கள். இரண்டையும் ஒப்பிட்டால், எண்ணெய் போய்த் தண்ணீர் ஏறிய இடம் மாறித் தெரியும். மாறாத இடத்தில் எண்ணெய் இருக்கலாம்.

எங்கள் களத்தின் கிழக்கு ஓரத்துக்கு இரண்டாம் முறை கப்பலால் போக முடியவில்லை. குறுக்கே புதிதாக எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்று நின்றது. அந்த இடத்தை, பக்கத்துப் பதிவுகளைக் கொண்டு கணினியில் இட்டு நிரப்பியிருந்தார்கள். நான் அதன்மேல் சிவப்புக் கோடுகள் போட்டு, 'இதை நம்பக் கூடாது' என்று எழுதி மேலாளருக்கு அனுப்பினேன்.

அந்த வாரம் மரக்காணத்தில் அக்கா வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். ஆன்லைன் கூட்டத்தில் என் வரைபடம் திரையில் வந்தது. கோடுகளைக் காணோம்.

"கிழக்குல ஒண்ணுமே மாறல. எண்ணெய் அப்படியே இருக்கு" என்றார் மேலாளர்.

"சார், அங்க நம்மகிட்ட டேட்டாவே இல்ல சார்."

"அப்புறம் பேசலாம்மா." என் மைக்கை அணைத்துவிட்டார். நான் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உப்பளத்திலிருந்து சாப்பிட வந்த அக்கா, காலில் காயாத சேற்றோடு வாசலில் நின்றாள். "இன்னாடி, யாரத் திட்டிக்கினு இருக்க?"

சொன்னேன்.

"போவாத எடத்தப் போய்ப் பாத்தேன்றானா அந்தாளு?"

அவளுக்கு ஒரு நிமிடத்தில் புரிந்தது. இத்தனை வருடம் இதே தொழிலில் இருக்கும் மேலாளருக்குப் புரியாதா? புரிந்துதான் அழித்தார்.

அடுத்த வருடம் அங்கே கிணறு தோண்டினார்கள். தண்ணீர்தான் வந்தது. அன்றே மேலாளர் போன் செய்தார்.

"உன் மேப்ப வச்சுதானேம்மா முடிவு பண்ணோம்? தப்பு நடந்துருச்சுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு."

"நான் அனுப்புனதுல கோடு இருந்துச்சு. அத அழிச்சது யாருன்னும் சேத்து எழுதறேன். பரவாயில்லயா சார்?"

போனை வைத்துவிட்டார். அந்தப் பழைய மின்னஞ்சலை, கோடுகளோடு, கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை.

அடுத்த மாதம் அவருக்கு இன்னும் பெரிய களமொன்றைக் கொடுத்தார்கள். எனக்கு, வரைபடத்தைத் தெளிவாக வரைவது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி. போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.