ஸ்பேனர் செட்டில் பாதி

பதினாலாம் நம்பர் போல்ட் எதிரே வந்தால் பம்ப் அக்கா ஒரு தகரத் துண்டைத் தேடுவாள். அதை மடித்து, சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, பதினாறாம் நம்பர் ஸ்பேனரின் வாய்க்கும் போல்ட்டுக்கும் நடுவில் செருகி, மூச்சைப் பிடித்துத் திருப்புவாள். தகரம் வழுக்கும். விரல் முட்டி இரும்பில் இடிபடும். "சனியனே, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?" என்று போல்ட்டையே கேட்பாள். மறுபடி செருகுவாள்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் தெருமுனை இரும்புக்கடையில் தனியாகவே கிடைக்கும். அக்கா வாங்குவதில்லை.

தண்ணீர் பம்பு, மருந்து தெளிப்பான், கதிரடிக்கும் மெஷின் என்று விவசாய வேலைக்கான எதுவும் அவள் பட்டறைக்கு வரும். சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில். யோசனை கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். "பலகை பிளக்குதுன்னு அழாதே. ஆணி முனையை ஒரு தட்டு தட்டி மழுக்கிட்டு அடி. கூரா இருந்தாத்தான் பிளக்கும்." "துருப்பிடிச்ச நட்டைச் சூடு பண்ணி மெழுகுவத்தியை வை. மெழுகு தானா உள்ள போயிடும். அப்புறம் சுண்டு விரலாலயே அவிழ்க்கலாம்." இதை நம்பிப் போன ஒருவர் மறுநாள் விரலில் கட்டோடு வந்து நின்றார். "பேச்சுக்குச் சொன்னதை எல்லாம் செஞ்சு பாத்தா நான் என்னண்ணே பண்றது?" என்று அவருக்கே நாற்காலி போட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டறையில் இரண்டு பேர் இருந்தார்கள். அக்காவும் தம்பியும். இரும்பு வேலை அவளுக்கு, கொட்டகை வேலை அவனுக்கு. ஒரு காற்று நாளில், அவர்கள் கட்டிய ஆட்டுக் கொட்டகையின் கூரை பறந்துபோய்ப் பக்கத்துக் காட்டில் விழுந்தது. கொட்டகையின் சொந்தக்காரர் முற்றத்தில் நின்று கத்தினார். கூடியிருந்த பத்துப் பேருக்கு முன்னால் அக்கா சொன்னாள்: "கூரை என் வேலை இல்லைங்க. இவன் பண்ணது."

அது உண்மைதான். கூரையைப் பிடிக்கும் போல்ட்டுகளை அவன் கேட்ட நாளில் அவள் செய்து கொடுக்கவில்லை என்பதும், அதனால் அவன் கம்பியால் கட்டி வைத்திருந்தான் என்பதும் உண்மைதான். அதை அவள் சொல்லவில்லை. தம்பியும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்டதுதான் இன்றுவரை அவளை அரிக்கிறது.

அடுத்த வாரம் பட்டறையைப் பிரித்தார்கள். வெல்டிங் மெஷின் அவனுக்கு, லேத் அவளுக்கு. கடைசியில் அப்பாவின் ஸ்பேனர் பெட்டி. அவன் தரையில் உட்கார்ந்து, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று வரிசையாக வைத்தான். பன்னிரண்டு-பதின்மூன்று அவளுக்கு. பதினாலு-பதினைந்து அவனுக்கு. "முழுசா நீயே எடுத்துக்கடா" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் அவன் பெட்டியை மூடிவிட்டான்.

இரண்டு பேரில் ஒருவர் தன்னிடம் இல்லாத ஸ்பேனரை வாங்கினால்தான் அது பாகப்பிரிவினை. வாங்காத வரைக்கும் அது ஒரே செட்தான், இரண்டு இடத்தில் கிடக்கிறது. அக்கா இப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இரும்புக்கடைக்காரர் சொன்னார்: "உன் தம்பி வந்தான்மா. புது ஸ்பேனர் செட்டைப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டிருந்தான்."

"வாங்கிட்டானா?"

"அதுக்குள்ள நான் சாப்பிடப் போயிட்டேன். என் வீட்டுக்காரிதான் கடையில இருந்தா. கேட்டுச் சொல்லட்டா?"

"வேணாம்ணே" என்று வந்துவிட்டாள். அன்றிலிருந்து இரும்புக்கடைப் பக்கமே போகவில்லை.

இன்று காலை பால்பண்ணைக்காரர் ஒரு பம்பை இறக்கினார். "சீல் ஒழுகுது. நாலு நாளைக்கு முன்னால உன் தம்பிதான் மாட்டினான். வேலையில குத்தம் சொல்ல மாட்டேன், சீல்தான் மட்டம்."

"அப்ப அவன்கிட்டயே போறதுதானே?"

"அவன் எங்கயோ கொட்டகை கட்டப் போயிருக்கான், வர ஒரு வாரம் ஆகுமாம். ஒரு வாரம் தண்ணி குடிக்காம இருங்கன்னு நீ வந்து என் மாடுங்ககிட்ட சொல்றியா?"

அக்கா சிரிக்கவில்லை. பம்பு மூடியில் நான்கு நட்டு. நான்கும் பதின்மூன்று. தம்பியிடம் இல்லாத அளவு, அவன் வாங்கியிருந்தால் ஒழிய.

துணியை எடுத்தாள். கிரீஸைத் துடைக்கக் கை உடனே போகவில்லை. பிறகு துடைத்தாள். முதல் நட்டின் ஒரு முகத்தில் மட்டும் வரிவரியாகப் பொடிக் கீறல்கள். இரும்பறுக்கும் ஹாக்சா பிளேடின் பல் தடம். பெரிய ஸ்பேனருக்குள் உடைந்த பிளேடைச் செருகித் திருப்புவது அவன் பழக்கம். எழுந்துபோய்ச் சரியான ஸ்பேனரை எடுக்கச் சோம்பல்பட்ட நாட்களில் செய்வான். "பல்லைத் தேய்ச்சுட்டாவது வைடா, நட்டைக் கடிச்சு வைக்குது" என்று அவளும் தலையில் அடித்துக்கொள்வாள். இரண்டாவதிலும் அதே கீறல். நான்கிலும்.

"என்னம்மா, உடைஞ்சிருக்கா?" என்றார் பால்பண்ணைக்காரர்.

"இல்லண்ணே. எல்லாம் அப்படியேதான் இருக்கு."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா?"

புது சீல் போட்டு அவரை அனுப்பிய பிறகு, எண்ணெய்க் கையைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தான்.

"ம்?"

"நான்தான்."

அங்கே கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது. "சொல்லுக்கா."

சொல்ல எதையும் அவள் எடுத்து வைத்திருக்கவில்லை. "ஒரு மரக் கேட் தொங்குதுடா. சாய்வுக் கட்டையை எந்த மூலையிலேருந்து போடணும்?"

சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அவள் நிறுத்திய கேட்டுகள் அறுபது எழுபது இருக்கும். எதுவும் தொங்கியதில்லை. அவனுக்கும் தெரியும்.

"உனக்குத் தெரியாதா?"

"மறந்துடுச்சு."

"கீழ்க் கீல் இருக்கிற மூலையில ஆரம்பிக்கா. அங்கேருந்து எதிர்ப்பக்கம் மேல் மூலைக்கு ஏத்து. மாத்திப் போட்டுடாதே, அப்புறம் பாரம் முழுக்க…"

"மெதுவா சொல்லுடா. எழுதிக்கிறேன்" என்றாள் அக்கா. சுண்ணக்கட்டியைத் தேடி எடுத்து, சுவரில் முதலில் ஒரு சதுரம் போட்டாள்.