சர்க்கரைத் தண்ணிக்காரர்

ஊர் அவரைத் தேன்காரர் என்றது. கட்டிய மனைவி மட்டும் சர்க்கரைத் தண்ணிக்காரர் என்பாள், அதுவும் அவர் காதுபடவே. பெட்டியில் சொட்டு மிச்சமில்லாமல் தேனை வழித்துக்கொண்டு, தேனீக்களுக்குச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுகிற மனிதனை வேறு எப்படிச் சொல்வது? எச்சில் கையால் காக்கை ஓட்டாத குணம். பூ இல்லாத மாதங்களில் மகரந்தத்துக்குப் பதிலாகக் கொஞ்சம் சோயா மாவாவது பிசைந்து வையுங்கள் என்றால், "ஈக்கு என்னடி விருந்து?" என்பார். ஈக்கள் நோஞ்சானாகத் திரிந்தன. அவர் மழையைத் திட்டினார்.

அவளுக்கென்று ஒரே ஒரு பெட்டி, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் பாதித் தேனை ஈக்களுக்கே விட்டுவைப்பாள். அந்த வீட்டில் அவள் சொன்னபடி நடந்த ஒரே காரியம் அதுதான். மூடியைத் திறக்கும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

"பாருங்க, எப்படிக் கொழுகொழுன்னு இருக்கு. சர்க்கரையெல்லாம் ஒரு தீனியா?"

மகளின் பிரசவத்துக்குப் போய்த் திரும்பியவளை அவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"மழை விடவே இல்ல. உன் பெட்டி பட்டினி கிடக்கக் கூடாதுன்னு தீனி வச்சேன். சர்க்கரை இல்ல, நெசத் தேன்."

"உங்களுக்கு ஏது அவ்வளவு பெரிய மனசு?"

"தச்சர் வீட்டு ஈயெல்லாம் செத்துப்போச்சு. தேனடையைச் சும்மாவே எடுத்துக்கச் சொன்னாரு. என் பெட்டிக்குக்கூட வைக்கல, எல்லாம் உனக்குத்தான்."

"எதுல செத்துச்சுன்னு கேட்டீங்களா?"

"செத்த ஈகிட்ட என்னத்தைக் கேக்குறது?"

இந்த மூளையோடுதான் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தினோம் என்று நினைத்தாள். நோயில் செத்த ஈக்களின் தேன், மனிதன் தின்றால் ஒன்றும் ஆகாது; ஈக்குஞ்சுக்கு எமன். சில வாரத்தில் குஞ்சு அறைகளின் மூடிகள் கறுத்துக் குழிந்தன. தீக்குச்சியை உள்ளே விட்டு இழுத்தாள். புழு இருக்க வேண்டிய இடத்திலிருந்து காப்பி நிறத்தில் நூல் நூலாக வந்தது. பசை அழுகிய நாற்றம். தச்சர் வீட்டு ஈக்களைக் கொன்ற அதே குஞ்சு அழுகல் நோய்தான். பெட்டியோடு எரிக்காவிட்டால் அக்கம்பக்கத்துப் பெட்டிகளுக்கும் பரவிவிடும்.

அவர்தான் குழி வெட்டினார். அதையும் கோணலாகத்தான் வெட்டினார். இருட்டி, ஈக்கள் எல்லாம் உள்ளே அடைந்த பிறகு அவளே பெட்டியின் வாசலை அடைத்து, குழியில் இறக்கி, மண்ணெண்ணெய் ஊற்றினாள். அப்பால் அவருடைய பெட்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் நோஞ்சான், எல்லாம் உயிரோடு.

"நீதானே சொன்னே, சர்க்கரை ஒரு தீனியே இல்லன்னு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

திட்டுவதற்கு அவளிடம் ஆயிரம் வார்த்தை இருந்தது. தீக்குச்சியைக் கிழித்துக் குழிக்குள் போட்டாள்.

"போங்க. போய் உங்க ஈக்குச் சர்க்கரையைக் கரைச்சு ஊத்துங்க."