ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறாத கியர்

இன்று சர்ச்சுக்கு ஒற்றைக்கால் ஷூவோடு கார் ஓட்டினேன். மெக்கானிக் உத்தரவு.

கிளட்ச் இல்லாத பழைய கார். வாரநாளில் கியர் தானாக மாறும். ஞாயிறு மட்டும் மாறாமல் உறுமும்.

"உன் தம்பி வெயிட்டுதான் காரணம்" என்று மனைவியிடம் சொல்லி, ஞாயிறு மட்டும் எங்களோடு வரும் மச்சானை மூன்று வாரமாக பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அப்படியும் உறுமல் நிற்கவில்லை.

இன்று மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். வலது ஷூவைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் கியர் சத்தமில்லாமல் மாறியது.

"அண்ணாத்தே, மத்த நாள்ல செருப்பு. இன்னிக்கி இம்மாம் கனமான ஷூவ மாட்டிகினு ஆக்ஸிலேட்டர அடிவரிக்கும் அமுக்குறே. அப்டி அமுக்கினா கீழ் கியர்லயேதான் நிக்கும். வண்டி நல்லாத்தான் கீது."

"அப்போ என் தம்பி?" என்றாள் பின் சீட்டிலிருந்த மனைவி.

"அடுத்த வாரம் முன் சீட்டு அவனுக்குத்தான்" என்றேன்.

அந்த ஷூவை வாங்கிக் கொடுத்ததே உன் தம்பிதானே என்று வாய்வரை வந்தது.